வாசில் ஹுடாக்கின் பதினேழு பகுதி

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை மறைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. பத்து வயதில் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கப் போனேன். இன்றைக்கு இந்த மாவட்டத்தில் மூன்று ஊர்களில் ‘ருடக் விளையாட்டுச் சாமான்’ என்று என் பெயர் தொங்குகிறது. கார்வெல் கல்லூரி மைதானத்தில் நிற்கிற ஸ்கோர் பலகை நான் கொடுத்தது. புதிதாகக் கட்டிய உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலில் ‘கிளெமென்ட் ருடக் கூடம்’ என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் அந்தக் கல்லுக்குக் கீழேதான் நுழைந்து போகிறார்கள்.

போன மாதம் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஆண்டு மலருக்கு 1937ஆம் வருஷத்து அணியில் ஆடின ஒருத்தரைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

“யாரைப் பத்தின்னு உங்களுக்கே தெரியும், மிஸ்டர் ருடக்” என்றான் அதில் சின்னவன்.

அவன் மனதில் இருந்தது நீதிபதி ஃபென்டன். ஃபென்டனின் படம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது. நான் வாசில் ஹுடாக்கைப் பற்றி எழுதுகிறேன். அவன் படம் எங்கேயும் இல்லை.

அந்தக் காலத்தில் நான் அணியின் சாமான் அறைக்காரன். தோல் தொப்பி, தோள்பட்டைக் காப்பு, ஆணி வைத்த பூட்ஸ், சேறு பிடித்த சட்டை எல்லாம் என் பொறுப்பு. மைதானத்தில் எவனாவது விழுந்தால் வாளியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவனும் நானே. டாக்டரை உட்கார வைக்கிற அளவுக்குக் கல்லூரி பெரியதில்லை. கை பிசகினால் இழுத்துச் சேர்ப்பேன், மூக்கு உடைந்தால் நிமிர்த்துவேன். படித்த டாக்டர்கள் பிறகு பார்த்துவிட்டு, யார் சேர்த்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

இதோடு பகுதிப் புத்தகமும் என்னிடம் இருந்தது. கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி முட்டி மோதுகிற எங்கள் ஃபுட்பாலில் ஒரு ஆட்டத்துக்கு நாலு பகுதி. எந்தப் பகுதியில் எவன் இறங்கினான் என்று நான் அவன் பெயருக்கு நேரே கோடு போட வேண்டும். சீசனுக்கு ஒன்பது ஆட்டம், முப்பத்தாறு பகுதி. அதில் பாதி, பதினெட்டுப் பகுதி ஆடினவனுக்கு எழுத்து கிடைக்கும். கல்லூரிப் பெயரின் முதல் எழுத்து, ஒரு சாண் உயரம், மஞ்சள் கம்பளியில், பழுப்பு ஸ்வெட்டரின் நெஞ்சில் தைத்தது. ஒரு பகுதியில் ஒரே ஒரு மோதலுக்கு நின்றால்கூடக் கோடு உண்டு. பந்து ஒரு தடவை பின்னால் போக வேண்டும், இரண்டு பக்கமும் மோத வேண்டும், அவ்வளவுதான்.

எட்டு வருஷம் அந்தப் புத்தகத்தை எழுதினேன். கணக்குப் பேராசிரியர் ஒருத்தர் ஒரு தடவை முழுக்கக் கூட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு கோடு தப்பில்லை, ருடக்” என்றார். கல்லூரிக்குள் என்னை யாரும் கேள்வி கேட்க முடியாத இடம் அது ஒன்றுதான்.

ஹுடாக் ஷேல் ரன் ஊர்க்காரன். நம்பர் ஆறு சுரங்கத்தின் வரிசை வீட்டில் பிறந்தவன். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ருசின் ஜனம். அப்பனுக்கு வலது கையில் மூன்று விரல்தான் மிச்சம். அண்ணன் பெட்ரோவைச் சுரங்கம் கொண்டுபோய்விட்டது. இவன் கல்லூரிச் சமையலறையில் பாத்திரம் கழுவிப் படித்தான். குள்ளம், அகலம், கழுத்து இருக்கிற இடம் தெரியாது. முன்வரிசையில் எதிராளியை முட்டித் தடுக்கிற ‘கார்டு’ இடத்தில் நிற்பான். நாலு வருஷத்தில் அவன் பேசின பேச்சை ஒரு காகிதத்தில் எழுதினால் பாதிக் காகிதம் மிஞ்சும்.

அந்த வருஷம்தான் அவனுக்குக் கடைசி. முந்தின மூன்று வருஷமும் பெஞ்சிலேயே போனது. செப்டம்பரில் என் அறைக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“என்னடா?”

“இந்த வருஷம் எனக்குப் பதினெட்டு வேணுங்க.”

“எல்லாருக்கும்தான் வேணும்.”

“எங்க ஊர் ஹைஸ்கூல்ல கோச் வேலை வர்ற ஜூன்ல காலி ஆகுது. ஹெட்மாஸ்டர் மிஸ்டர் வான்ஸ் சொல்லிட்டாரு. ஸ்வெட்டரோட வந்தா வேலை. இல்லாம வந்தா பள்ளிக்கூடக் கமிட்டி ஒத்துக்காது.”

“ஸ்வெட்டர் இல்லேன்னா?”

“நம்பர் ஆறு” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அதற்குப் பிறகு பாத்திரம் கழுவி முடித்ததும் என் அறைக்கு வருவான். கேட்காமலே பூட்ஸுக்கு எண்ணெய் தடவுவான். புத்தகத்தைக் காட்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானாகத் திறந்து வைப்பேன். எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணெய்த் துணியை எடுப்பான்.

ஒரு நாள் பெட்ரோவைப் பற்றிக் கேட்டேன்.

“மேல்கூரைக் கல் விழுந்துச்சு. தலையிலதான். ஆனா எந்திரிச்சுட்டான். தானே நடந்து வீட்டுக்கு வந்தான். முட்டைக்கோஸ் சூப் குடிச்சான். அம்மாகிட்ட ஜோக்கெல்லாம் சொன்னான்.”

“அப்புறம்?”

“காதுலேருந்து தண்ணி. ரத்தமில்லைங்க, தண்ணி. அம்மா துடைச்சாங்க, மறுபடி வந்துச்சு. துடைச்சாங்க, மறுபடி வந்துச்சு. விளக்கு ஏத்துறதுக்குள்ள போயிட்டான்.”

இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு பூட்ஸை எடுத்துக் கொடுத்தேன்.

சீசன் நன்றாகத்தான் ஆரம்பித்தது. முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். ஹுடாக்குக்கு முதல் ஆட்டத்தில் ஒரு பகுதி, இரண்டாவதில் இரண்டு. மூன்றாவது ஆட்டத்தில் பெஞ்சு. நாலாவதில் எங்கள் முதல் கார்டு டேவி போவனுக்குத் தோள் எலும்பு கழன்றது. நான்தான் சேர்த்துக் கட்டினேன். அன்றைக்கு ஹுடாக் மூன்று பகுதி ஆடினான். அடுத்த இரண்டு ஆட்டமும் முழுசாக அவனுடையது. ஏழாவதில் மூன்று. பதினேழு ஆகிவிட்டது. எட்டாவது ஆட்டத்துக்கு டேவி குணமாகி வந்துவிட்டான். ஹுடாக் மறுபடி பெஞ்சு. ஆறு வெற்றி, இரண்டு தோல்வியோடு கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கிற நன்றி நாள் வியாழக்கிழமை, எங்கள் மைதானத்தில், லைல்ஸ்பர்க் கல்லூரியோடு. லைல்ஸ்பர்க்கை நாங்கள் ஜெயித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அந்த நாளில் இரண்டு சட்டம் உண்டு, இப்போது கிடையாது. ஒரு பகுதியில் வெளியே எடுத்த ஆளை அதே பகுதியில் திரும்ப இறக்கக்கூடாது. அதனால் நல்ல ஆட்டக்காரனைக் கோச் லேசில் வெளியே எடுக்க மாட்டார். இன்னொன்று, மாற்றாளாக உள்ளே போகிறவன் முதல் மோதல் முடிகிற வரை தன் ஆட்களிடம் வாய் திறக்கக்கூடாது. கோச் தந்திரத்தைச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று பயம். பேசினால் பதினைந்து கெஜம் பின்னால் போக வேண்டும். நடுவர் மாற்றாளின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

பந்தை வாங்கி ஓடுகிறவன் ஃபென்டன். வங்கிக்காரர் மகன். எல்லாரையும் சிரிக்க வைப்பான். ஆட்டத்துக்கு முன்னால் உடுப்பு மாட்டும்போது கோச் பர்டிக் அந்தச் சட்டத்தை ஞாபகப்படுத்தினார். ஃபென்டன் கை தூக்கினான்.

“ஹுடாக்குக்கு எதுக்கு கோச் சட்டம்? நாலு வருஷமா அவன் முதல் மோதல் முடியட்டும்னுதான் காத்துட்டிருக்கான்.”

அறை முழுக்கச் சிரித்தது. ஹுடாக்கும் சிரித்தான். கோச் அவன் முதுகில் தட்டி, “உன்னோட ஒரு பகுதி எனக்கு ஞாபகம் இருக்குடா. இறக்குவேன்” என்றார்.

மழையும் பனியும் கலந்து கொட்டியது. பென்சில் பிடித்த விரல் எனக்கு மரத்துப்போயிருந்தது. நாலாயிரம் பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் பகுதி போனது, ஹுடாக் பெஞ்சில். இரண்டாவது போனது. மூன்றாவது போனது. ஏழுக்கு ஆறு, நாங்கள் ஒரு புள்ளி முன்னால். நாலாவது பகுதியில் பாதி நேரம் போயிருந்தது. பந்து எங்களிடம், எங்கள் கோட்டிலிருந்து இருபது கெஜத்தில். ஃபென்டன் பந்தோடு ஓடினான். லைல்ஸ்பர்க் ஆட்கள் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். ஒருத்தனின் முழங்கால் அவன் தலைப்பக்கம் போனதைப் பார்த்தேன். எழுந்து முழங்காலில் உட்கார்ந்தான். ஆட்டத்தை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்கள்.

வாளியோடு ஓடினேன். தொப்பியைக் கழற்றினேன்.

“ஃபென்டன், என்ன கிழமை?”

“வியாழன். வான்கோழி ஆறிப்போகும், சீக்கிரம் முடி கிளெம்.”

“ஸ்கோர்?”

“நாமதான் முன்னால.”

பேச்சு சரியாக இருந்தது. இடது காது ஈரமாக இருந்தது. பஞ்சால் துடைத்தேன். மறுபடி ஈரம். துடைத்தேன்.

அந்த இடைவெளியில் கோச் டேவியை வெளியே எடுத்துவிட்டு ஹுடாக்கை அனுப்பியிருந்தார். அவன் வந்து, நடுவரிடம் பெயரைச் சொல்லிவிட்டு, எங்களுக்கு மூன்று அடி தள்ளி வாயை மூடிக்கொண்டு நின்றான். நான் முதல் தடவை துடைத்ததையும் பார்த்தான், இரண்டாவது தடவை துடைத்ததையும் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் பேசக்கூடாது. நான் பேசலாம். அதற்காகத்தான் பார்த்தான்.

பெட்ரோவின் கதை அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். ஃபென்டனை வெளியே எடுத்தால் இந்தப் பகுதியில் திரும்ப வர முடியாது, ஆட்டம் போய்விடும். ஒன்பது வருஷம் கழித்து வருகிற வெற்றி. தொப்பியை அவன் தலையில் வைத்து, காது மூடுகிற தோலை இழுத்து, தாடைக்குக் கீழே நானே வாரைப் போட்டேன். வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

“எப்படி இருக்கான்?” என்றார் கோச்.

“நல்லா இருக்கான்.”

திரும்பிப் பார்த்தபோது எங்கள் பதினொரு பேரில் பத்துப் பேர் வட்டமாகக் குனிந்திருந்தார்கள். ஹுடாக் மட்டும் நிமிர்ந்து நின்றான். பந்தைப் பின்னால் தள்ளுகிற சென்டரின் சட்டையைப் பிடித்தான். சத்தமாகத்தான் சொன்னான், ஓரத்தில் இருந்த எனக்கே கேட்டது.

“இவன்கிட்டப் பந்தைக் குடுக்காதே. காதுல தண்ணி வருது.”

ஹார்ன் ஊதியது. நடுவர் பதினைந்து கெஜத்தை எண்ணிப் பின்னால் நடந்தார். கூட்டம் முழுக்கக் கத்தியது. கோச் கோட்டைத் தாண்டி உள்ளேயே போய்விட்டார்.

“ஒரு தடவை! நாலு வருஷமா வாய் திறக்காதவன், ஒரே ஒரு மோதலுக்கு மூடிட்டிருக்க முடியலையாடா உனக்கு?”

“காதுல தண்ணி, கோச்.”

“மழை பெய்யுதுடா முட்டாளே! எல்லாருக்கும்தான் காதுல தண்ணி! வெளியே போ!”

ஹுடாக் வெளியே வந்தான். பந்து ஒரு தடவைகூடப் பின்னால் போகவில்லை. டேவி திரும்ப வர முடியாது, மூன்றாவது கார்டு போனான். ஆனால் நடுவர் அவன் சொன்னதைக் கேட்டிருந்தார். ஃபென்டனிடம் போய் வாரை அவிழ்த்து, தொப்பியைக் கழற்றி, காதைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவனையும் கையைப் பிடித்து வெளியே அனுப்பினார். ஃபென்டன் பெஞ்சில் உட்கார்ந்து, வான்கோழியைப் பற்றி என்னவோ சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். எழுப்பினோம், எழவில்லை. அவன் அப்பாவின் காரில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஐந்து கெஜத்தில் மாட்டிக்கொண்ட எங்களைச் சொந்தக் கோட்டுக்குள்ளேயே மடக்கிப் போட்டார்கள். அதற்கு எதிராளிக்கு இரண்டு புள்ளி. ஏழுக்கு எட்டு என்று தோற்றோம்.

உடுப்பு அறையில் ஹுடாக் குளித்தான், தலையைத் துவட்டினான், தன் பூட்ஸைத் துடைத்து என் அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். நான் ஈரம் காய்வதற்கு முன்னால் புத்தகத்தை எழுதி முடித்தேன். நாலாவது பகுதியில் அவன் பெயருக்கு நேரே கோடு போடவில்லை.

திங்கள்கிழமை கோச் என் அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“டாக்டரைப் பார்த்தேன்.”

“என்ன சொன்னாருங்க?”

“மண்டை ஓட்டுல விரிசல். பிழைச்சுக்குவான். இன்னொரு இடி விழுந்திருந்தா அவன் அப்பாவைச் சவப்பெட்டிக்குச் சொல்லச் சொல்லியிருப்பேன்னார்.”

நான் பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஹுடாக் வரவில்லை.

“ஹுடாக் எத்தனை?” என்றார்.

“பதினேழு.”

“வியாழக்கிழமை உள்ளே போனானே, கிளெம்.”

“போனான் கோச். மோதல் ஒண்ணும் நடக்கலையே. அதுக்குள்ள ஹார்ன் ஊதிட்டாங்க.”

“நாலாயிரம் பேர் அவன் உள்ளே நின்னதைப் பார்த்தாங்க.”

“நிக்கிறதுக்குக் கோடு போடுறதில்லைங்க. எட்டு வருஷமாப் போட்டதில்லை.”

தரையில் கிடந்த ஒரு பூட்ஸை எடுத்தார். அதன் ஆணியைத் திருகிப் பார்த்தார், கீழே வைத்தார்.

“நான் உன்னைப் போடுன்னு சொல்லலை.”

“சொல்லலைங்க.”

“புத்தகம் உன்னோடது” என்றார். எழுந்து போனார்.

அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனார். அது எனக்கு அப்போதே தெரியும். ஒரு கோடு. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. நான் ஏன் போடவில்லை என்றால், புத்தகம் சரியாக இருந்தது. சட்டப்படி பதினேழுதான். அதை இன்றைக்கும் எந்தப் பேராசிரியர் முன்னாலும் சொல்வேன். இன்னொன்றும் இருந்தது. அந்த ஒரு மோதலுக்குக் கோடு போட்டால், அது ஏன் நடக்கவில்லை என்று எவனாவது கேட்பான். காதைப் பார்த்த ஆள் யார் என்று கேட்பான். நாலாம் வகுப்புக்காரனைச் சாமான் அறையில் வைத்தது தப்பு என்பான். அந்த அறையிலிருந்துதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். இரண்டில் எது பெரியது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மனசுக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், ஒன்றுமே தோன்றவில்லை. பூட்ஸ் நாற்பது ஜோடியையும் முடித்தேன்.

ஃபென்டனின் காதை நான் இரண்டு தடவை துடைத்ததைப் பார்த்தவன் ஹுடாக் ஒருத்தன்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை எழுத்து விருந்து. ஆட்டக்காரர்கள் நீள மேஜையில், கோச் முதல் நாற்காலியில், நான் கடைசியில். ஸ்வெட்டர்களை நான்தான் மடித்து அடுக்கியிருந்தேன். பதினான்கு. கோச் ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஃபென்டனின் பெயருக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவன் அம்மா வந்து வாங்கிக்கொண்டாள். ஹுடாக் அன்றைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தான். சமையலறை ஆட்கள் எல்லாரும் பரிமாற வேண்டிய நாள் அது. பெயர் வாசிக்கும்போது அவன் என் பக்கம் வந்திருந்தான்.

“குழம்பு ஊத்தவா?”

“ஊத்து.”

ஊற்றினான். ஒரு சொட்டு மேஜையில் விழவில்லை. அடுத்த தட்டுக்குப் போனான். நான் சாப்பிட்டேன்.

ஜூனில் அவன் பட்டம் வாங்கினான். மிஸ்டர் வான்ஸ் கமிட்டியோடு பேசிப் பார்த்தாராம், நடக்கவில்லை. ஸ்வெட்டர் வைத்திருந்த வேறு ஊர்க்காரன் ஒருத்தனுக்குக் கோச் வேலையைக் கொடுத்தார்கள். அவன் இரண்டு வருஷத்தில் ஓடிப்போனான். அதற்குள் ஹுடாக் நம்பர் ஆறில் இறங்கிவிட்டான். இருபத்தொரு வருஷம் அங்கே இருந்தான். சட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஓல்ஹாவைக் கட்டிக்கொண்டான். இரண்டு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன்தான் முன்னால் நின்று பாடுவான் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு தடவை போனேன், பின்வரிசையில் நின்று கேட்டேன். பாடினான். நல்ல கனமான குரல். அவன் திரும்புவதற்குள் வந்துவிட்டேன்.

அதற்குள் நான் எங்கேயோ போய்விட்டேன். சாமான் அறையை விட்டேன், முதல் கடையைப் போட்டேன், அடுத்தது, அதற்கடுத்தது. இந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பையன் தலையில் தொப்பி இருந்தாலும் அது என் கடைத் தொப்பி. தோலை விட்டு பிளாஸ்டிக்குக்கு முதலில் மாறினவனும் நான்தான். யாரும் சொல்லி மாறவில்லை.

1959ஆம் வருஷம் நம்பர் ஆறை மூடினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் ஷேல் ரன் போனேன். காரின் பின்னால் ஒரு பெட்டி. பழைய மாதிரியே பின்னச் சொல்லி வாங்கின பழுப்பு ஸ்வெட்டர், மஞ்சள் எழுத்து. கல்லூரியிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் நான் அப்போது இல்லை, கொடுக்கிற இடத்தில் இருந்தேன்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். பாதியாகியிருந்தான். பத்து வார்த்தைக்கு ஒரு தடவை இருமல். கரித்தூசி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஓல்ஹா அடுப்பில் உருளைக்கிழங்கு அடைத்த பைரோகியை வெண்ணெயில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“யாரு தெரியுதா?” என்றேன்.

“ஊருக்கெல்லாம் உன் பேரைத்தானே பலகையில தொங்க விட்டிருக்கே. உக்காரு கிளெம்.”

உட்கார்ந்தேன். கடைகளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஃபென்டன் ஜட்ஜ் ஆயிட்டான்” என்றேன்.

“பேப்பர்ல பார்த்தேன்.”

“அவனுக்கு அந்த நாளே ஞாபகம் இல்லைங்கறான். காலையில முட்டை சாப்பிட்டதுதான் கடைசி ஞாபகமாம். நாம ஜெயிச்சோம்னு ரொம்ப வருஷம் நினைச்சிட்டிருந்தானாம்.”

ஹுடாக் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஓல்ஹா தண்ணீர் கொடுத்தாள்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்” என்றான்.

“கேளு.”

“அந்தப் புத்தகத்தை நீ மையில எழுதுவியா, பென்சில்லயா?”

அவனுக்கு அது தெரியாமல் இருக்காது. அந்த சீசன் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

“பென்சில்லதான்” என்றேன்.

“ம்.”

தலையை ஆட்டினான். ஜன்னல் பக்கம் பார்த்தான். ஓல்ஹா தட்டை என் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடு கிளெம், ஆறுது” என்றான்.

சாப்பிட்டேன். எட்டு இருந்தது, எட்டையும் சாப்பிட்டேன். ருசி ஞாபகம் இல்லை. பெட்டியைக் காரிலிருந்து எடுக்கவில்லை. அவன் வாசல் வரை வந்து கை கொடுத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டி பின்னால் இடமும் வலமும் சறுக்கிக்கொண்டே வந்தது. இன்னும் என் கடை மாடியில்தான் இருக்கிறது.

வாசில் ஹுடாக் 1966 பிப்ரவரியில் செத்துப்போனான். வயது ஐம்பத்தொன்று. பெண்கள் இரண்டு பேரும் டீச்சர்கள். பெரியவள் வேலை பார்ப்பது அதே ஷேல் ரன் பள்ளிக்கூடத்தில். அடக்கத்துக்குப் போயிருந்தேன். பாட ஆளில்லாமல் பாதிரியாரே பாடினார்.

கல்லூரிக்காரர்கள் அந்தப் பகுதிப் புத்தகத்தையும் கேட்டார்கள். என் பெயர் வைத்த கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்களாம். போன வாரம் அலமாரியிலிருந்து எடுத்தேன். 1937ஆம் வருஷத்துப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்து, பென்சிலைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தேன். ஆனால் இப்போது போடுகிற கோடு எந்த ஆளுக்கும் எந்த வேலையும் வாங்கித் தராது. அப்படியே விட்டேன்.

ஹுடாக் வரியில் பதினேழு கோடு. பதினெட்டாவது கோடு விழ வேண்டிய, கடைசி ஆட்டத்து நாலாவது கட்டம் காலி. அந்தக் கட்டத்தில் மையால் என் பெயரை எழுதினேன். கட்டம் சின்னது, ‘ருடக்’ மட்டும்தான் பிடித்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தால்தான் புத்தகத்தைத் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.